தெலுக் ஆயர் தெருவின் கடலம்மா

கேள்வி இது: "அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறேன். தெலுக் ஆயர் தெருவில், நாகூர் தர்காவுக்குப் பக்கத்தில், தியான் ஹோக் கெங் என்று ஒரு பழைய சீனக் கோயில் இருக்கிறதாம். அது புத்தர் கோயிலா, தாவோ கோயிலா? கடல் தெய்வத்தின் கோயில் என்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்தில் கடலே இல்லையே? உள்ளே போனால் எதைப் பார்க்க வேண்டும்?"

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: கப்பலில். அதனால் கப்பல் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் புத்தரா, தாவோவா என்பது. கும்பிட வந்திருக்கும் ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால் அவர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். அவருடைய ஹொக்கியன் மொழியில், அதாவது தென்சீனத்தின் ஃபூஜியன் பகுதிப் பேச்சில், இதற்குப் பெயர் 'பாய் சின்'. பாய் என்றால் கும்பிடுதல், சின் என்றால் சாமி. நம் ஊரில் யாராவது "கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றால், அது சைவமா வைணவமா என்று வாசலில் நிறுத்திக் கேட்போமா? அதே கதைதான். மதத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்ற நெருக்கடி அரசாங்கப் படிவத்தை நிரப்பும்போதுதான் வருகிறது. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1980இல் தாவோ என்று எழுதியவர்கள் 30 சதவீதம். 2020இல் அது 8.8 சதவீதம். பௌத்தம் 27இலிருந்து 31.1ஆக ஏறியது. சிலர் கிறிஸ்தவர்களானார்கள், பலர் மதம் இல்லை என்று எழுதினார்கள். இன்னும் பலர் அதே சாமியை அதே நாளில் கும்பிட்டுக்கொண்டே படிவத்தில் மட்டும் பௌத்தம் என்று எழுதத் தொடங்கினார்கள்.

கோயிலுக்குள்ளேயே இதைப் பார்க்கலாம். நடுக் கூடத்தில் இருப்பது கடல் தெய்வம். அவளுக்கு ஒரு பக்கம் குவான் கோங், மூன்று அரசுகளின் காலத்துப் போர்த் தளபதி, சொன்ன சொல் தவறாதவர் என்று பெயரெடுத்துச் சாமியானவர். அதனாலேயே வியாபாரிகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். இன்னொரு பக்கம் பாவோஷெங் தாதி, ஃபூஜியன் பகுதியில் வாழ்ந்த வைத்தியர், அவரும் இறந்த பிறகு தெய்வமானவர். பின்கூடத்துக்குப் போனால் குவான் யின், முழுக்கப் பௌத்தப் போதிசத்துவர். கன்பூசியசுக்கும் இடம் இருக்கிறது. இவர்கள் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. கடலுக்கு ஒருவர், வியாபாரத்துக்கு ஒருவர், உடம்புக்கு ஒருவர், மனத்துக்கு ஒருவர், பிள்ளையின் படிப்புக்கு ஒருவர். ஊரைவிட்டு வந்த ஒரு மனிதனுக்கு என்னென்ன பயம் இருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டால் அதுவேதான் இந்தக் கோயிலின் சந்நிதி வரிசை.

இனி அந்தக் கடலம்மா. அவளுடைய பெயரை மாண்டரின் உச்சரிப்பில் அப்படியே தமிழில் எழுதினால் 'மாசு' என்று வந்து விபரீதமாகிவிடும். நான் மாட்சு என்று எழுதுகிறேன். மாட்சிமைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அவளும் ஏற்றுக்கொள்வாள் என்று நம்புகிறேன். ஹொக்கியன்காரர்கள் 'மா சோ போ' என்பார்கள். தாய், மூதாதை, பாட்டி என்று உறவை மூன்று தடவை சொல்லி அழைக்கும் பெயர் அது.

இத்தனைக்கும் அவள் பாட்டியான வயது வரை வாழவில்லை. ஃபூஜியன் கடற்கரைக்கு எதிரே உள்ள மெய்ஜோ தீவில் 960இல் பிறந்து 987இல் மறைந்த லின் என்னும் குடும்பத்துப் பெண் என்பது மரபு. பிறந்தபோது அழவே இல்லையாம். அதனால் 'மௌனம்' என்று பொருள்படும் மோ என்ற பெயரை வைத்தார்கள். திருமணம் ஆகவில்லை. அவளைப் பற்றிய கதைகளில் ஒன்றைச் சொன்னால் போதும். தகப்பனும் அண்ணன்மாரும் கடலில் இருக்கிறார்கள், புயல் எழுகிறது. வீட்டில் தறி முன் உட்கார்ந்திருந்த பெண் அப்படியே நினைவு தப்புகிறாள். உடல் தறியில், உயிர் கடலில். கைக்கு ஒருவராகப் பிடித்து, இன்னொருவரைப் பல்லால் கவ்விக்கொண்டு கரைக்கு இழுத்து வருகிறாள். மகள் செத்துவிட்டாளோ என்று பதறிய தாய் உலுக்கிக் கூப்பிட, பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். பல்லில் இருந்தவர் நழுவிப் போய்விடுகிறார். நழுவியவர் தகப்பன் என்பார்கள் சிலர், அண்ணன் என்பார்கள் சிலர். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தத் தோல்விதான். எல்லாரையும் காப்பாற்றினாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கடலோடிகள் அப்படிச் சொல்லவில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்புவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

நூற்றாண்டுகள் போகப் போக அரசர்கள் அவளுக்குப் பட்டம்மேல் பட்டம் கொடுத்தார்கள். சிங் வம்சத்தில் அவள் 'விண்ணகத்து அரசி' வரை உயர்ந்துவிட்டாள். ஆனால் மாலுமிகளிடம் ஒரு வழக்கு உண்டு. புயலில் மாட்டிக்கொண்டால் "விண்ணகத்து அரசியே" என்று கூப்பிடாதே, அவள் கிரீடம் சூடி, பட்டாடை உடுத்தி, பரிவாரம் சேர்த்துக்கொண்டு வருவதற்குள் கப்பல் மூழ்கிவிடும். "மாட்சு" என்று கூப்பிடு, கட்டிய துணியோடு ஓடி வருவாள்.

இப்போது கப்பலுக்கு வருவோம். ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819. சீனத்தின் அமோய் துறையிலிருந்து முதல் பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது 1821 பிப்ரவரி. பிப்ரவரி என்பது தற்செயல் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றில்தான் தெற்கே வர முடியும், தென்மேற்குக் காற்று எழுந்தால்தான் திரும்ப முடியும். காற்று வருடத்துக்கு ஒரு தடவைதான் கதவைத் திறக்கும். அந்தக் கப்பல்களின் அடியில் சரக்கோடு சரக்காக ஆட்கள் வந்தார்கள். புதிதாக இறங்கியவனுக்கு 'சின்கே' என்று பெயர், புது விருந்தாளி. விருந்து ஒன்றும் காத்திருக்கவில்லை. பலருக்குக் கப்பல் கூலியே கடன். அதை உழைத்துக் கழிக்க வேண்டும்.

அப்படி இறங்கியவன் முதலில் செய்த காரியம் கரையில் இருந்த ஒரு சின்னக் கொட்டகைக் கோயிலில் ஊதுபத்தி ஏற்றியதுதான். தெலுக் ஆயர் என்றால் மலாயில் தண்ணீர்க் குடா. தெரு அப்போது கடற்கரைச் சாலை. அலை ஏறக்குறைய வாசலைத் தொட்ட இடம். சுமார் 1821இலிருந்தே அங்கே மாட்சுவுக்கு வழிபாடு இருந்தது. உயிரோடு வந்து சேர்ந்தேன் என்று சொல்வதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பெரிய கட்டடமெல்லாம் பிறகு.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ஹொக்கியன் சமூகம் சேர்ந்து எழுப்பிய முதல் முக்கியக் கோயில் இது அன்று. 1828இல் சிலாட் சாலைப் பக்கம் தங்கள் இடுகாட்டை ஒட்டி ஹெங் சான் தெங் என்ற கோயிலைக் கட்டினார்கள். 1992இல் அது தீக்கு இரையாகிவிட்டது. செத்தவர்களுக்கு முதலில் இடம் பார்த்தார்கள், பிறகுதான் வந்து சேர்ந்தவர்களுக்கு. புதுக் குடியிருப்பின் ஆரம்ப வருடங்கள் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருடத்தில் கையில் பணம் சேர்ந்தது, நிலைத்துவிடுவோம் என்ற நம்பிக்கையும் வந்தது. 1839இல் வேலை தொடங்கி 1842இல் இன்றைய கோயில் எழுந்தது. செலவு சுமார் 30,000 ஸ்பானிய டாலர்.

பணம் போட்டவர்களில் முதல் பெயர் தான் தோக் செங். இன்று சிங்கப்பூரில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். 1798இல் மலாக்காவில் பிறந்து, 1819இல் இங்கே வந்து, காய்கறியும் கோழியும் விற்று மேலே வந்தவர். கோயிலுக்கு அவர் கொடுத்தது 3,000 டாலருக்குச் சற்று அதிகம். 1844இல் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அடித்தளம் போட்டார். சமாதான நீதிபதியாகவும் ஆனார், ஆசியர்களில் அவரே முதல்வர். அவருக்கு அடுத்து அதிகம் கொடுத்தவர் சீ ஹூட் கீ. இடுகாட்டுக் கோயிலுக்குத் தலைமை தாங்கியதும் இவர்தான்.

1840இல், கட்டடம் முடிவதற்குள்ளேயே, மாட்சுவின் திருவுருவம் சீனத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியது. நம் கிராமங்களில் குலதெய்வத்தை வேற்றூருக்குக் கொண்டுபோகிறவர்கள் பழைய கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போவார்கள் அல்லவா? சீனர்களுக்கு மண்ணுக்குப் பதில் சாம்பல். தாய்க்கோயிலின் ஊதுபத்திக் கலசத்துச் சாம்பலில் கொஞ்சம் எடுத்துப் புதுக் கோயிலின் கலசத்தில் இட்டால் அங்கே இருந்த சக்தி இங்கேயும் வந்துவிடும். புதுக் கோயில் என்றென்றும் தாய்க்கோயிலின் மகளாக இருக்கும். திருவுருவம் இறங்கிய நாளின் ஊர்வலத்தை அன்றைய ஆங்கிலப் பத்திரிகை வாயைப் பிளந்துகொண்டு எழுதியிருக்கிறது. மஞ்சள் பட்டுப் பல்லக்கில் தெய்வம், அதே நிற உடையில் காவலர்கள். அலங்கரித்த மேடைகளில் ஐந்து முதல் எட்டு வயதுச் சிறுமிகள், விதவிதமான உடையில், கீழே விழாமலிருக்க மறைவாக இரும்புக் கம்பி கொடுத்து நிறுத்தப்பட்டவர்களாக. அந்தக் கம்பியையும் கவனித்து எழுதிய நிருபரை எனக்குப் பிடிக்கும்.

தெய்வம் மட்டுமா வந்தது? கல், மரம், ஓடு, தூண், தச்சர், கொத்தர் எல்லாம் கடல் வழியாகத்தான் வந்தன. ஃபூஜியன் கைவினைஞர்கள் ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்துக் கூரையை நிறுத்தியிருக்கிறார்கள். 1850இல் நிறுவிய கல்வெட்டு ஒன்று இன்றும் கோயிலில் இருக்கிறது. 'தாங் மக்களாகிய நாம்' (தென்சீனர்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்) கடல் கடந்து வந்து இங்கே வியாபாரம் செய்து நிம்மதியாக வாழ்வது அன்னையின் துணையால் என்று அது சொல்கிறது. பிறகு நன்கொடையாளர் பெயரும் தொகையும். நம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைக் கேலி செய்கிறவர்கள் ஒரு தடவை இந்தக் கல்லின் முன் நிற்க வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல்தான் இன்று வரலாற்று ஆய்வாளர்களுக்குத் தங்கச் சுரங்கம். யார் பணக்காரர், யார் தலைவர், யார் பெயர் யாருக்குமேல் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

தலைவர் என்றதும் சொல்ல வேண்டியது ஹொக்கியன் ஹுவே குவான். ஹொக்கியன் மக்களின் சங்கம். 1840இல் இந்தக் கோயிலில்தான் பிறந்தது, கோயில் இன்றும் அதன் பொறுப்பில்தான் இருக்கிறது. சண்டை வந்தால் பஞ்சாயத்து, புதிதாக வந்தவனுக்குத் தங்க ஒரு திண்ணை, ஊருக்குக் கடிதம், செத்தால் அடக்கம் என எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆங்கில நிர்வாகத்துக்கு இவர்களின் மொழியும் தெரியாது, அதில் பெரிய அக்கறையும் இல்லை. ஆகவே கோயிலே நிர்வாகமாகிவிட்டது. பிற்காலத்தில் சமூகத்தாரின் திருமணங்கள்கூட இங்கே பதிவாயின. கல்யாணம் முடித்து அன்னையின் முன் நின்ற தம்பதிகளின் பேரன் பேத்திகள் இன்று பக்கத்து அலுவலகக் கோபுரங்களில் கணக்கெழுதிக்கொண்டிருப்பார்கள்.

கோயிலை ஒட்டி சோங் வென் கே என்று ஒரு சிறு அடுக்கு மண்டபம் இருக்கிறது, 1849இல் தொடங்கிக் கட்டியது. கல்விக் கடவுளுக்கும் எழுத்துக்குமான இடம். எழுத்து உள்ள தாள்களைக் குப்பையில் போடாமல் சேகரித்து மரியாதையோடு எரிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதற்கு உரை தேவையில்லை. அருகிலேயே 1913ஆம் ஆண்டு மண்டபம் ஒன்று, அதில் 1915இல் பெண்களுக்கான பள்ளி தொடங்கியது. கடலுக்குப் போன ஆண்களின் கோயில் ஒரு நூற்றாண்டுக்குள் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. கோயிலுக்கு நேர் எதிரே நாடக மேடையும் இருந்தது. கூத்து நடக்கும்போது நடிகர்களின் முகம் அன்னையைப் பார்த்திருக்கும், ஏனென்றால் முதல் பார்வையாளர் அவள்தான். அந்த இடத்தில்தான் இப்போது சங்கத்தின் கட்டடம் நிற்கிறது.

ஒரு திருத்தம். 'சிங்கப்பூரின் மிகப் பழைய சீனக் கோயில்' என்று சில சுற்றுலாக் குறிப்புகளில் பார்ப்பீர்கள். அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹொக்கியன் கோயில்களில் இன்று நிற்பவற்றில் பழையது என்பது சரி. ஆனால் இதே தெருவில் கொஞ்சம் தள்ளி ஃபுக் தக் ச்சி என்ற கான்டனீஸ், ஹாக்கா மக்களின் கோயில் 1824இலேயே வந்துவிட்டது. இப்போது அது சிறு அருங்காட்சியகம். பிலிப் தெருவில் தியோச்சூ மக்களின் யுவே ஹாய் ச்சிங் கோயில் இருக்கிறது, அங்கும் மாட்சு இருக்கிறாள். ஒரே தெய்வம், கால் மணி நேர நடைத் தூரம், இரண்டு கோயில்கள். ஏன்? மொழி வேறு, ஊர் வேறு. 'சீனர்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்கிறவர்கள் அன்று ஒருவர் பேசினால் ஒருவருக்குப் புரியாத தனித்தனிக் கூட்டங்களாகத்தான் கரை இறங்கினார்கள்.

சரி, கடல் எங்கே போனது? கோயில் எங்கும் போகவில்லை, கடலைத்தான் தள்ளிவிட்டார்கள். 1880களில் வாலிச் குன்றை வெட்டி அந்த மண்ணைத் தெலுக் ஆயர் குடாவில் கொட்டி நிலமாக்கினார்கள். ராபின்சன் சாலை எழுந்தது. பிறகு அதற்கும் அப்பால், இன்னும் அப்பால் என்று ஒரு நூற்றாண்டுக்கு மண் போய் விழுந்துகொண்டே இருந்தது. இப்போது கோயில் வாசலில் நின்று கடலைப் பார்க்க வேண்டிய திசையில் பார்த்தால் வங்கிகளும் கண்ணாடிக் கோபுரங்களும் தெரியும். அன்னை மட்டும் இருந்த இடத்தில் இருந்து அதே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதிய உணவு நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் இளைஞர்கள் தெருவில் சாப்பாட்டுக் கடை தேடி அலைவதைக் காணலாம். அவர்கள் நடக்கும் இடத்துக்குச் சற்று அப்பால்தான் படகு கட்டியிருந்தார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியவை பற்றி. வாசல்படி உயரமாக இருக்கும். அதை மிதிக்காமல் தாண்டிப் போங்கள். தாண்டும்போது தானாகக் குனிந்து கீழே பார்ப்பீர்கள். வணக்கத்தை வாங்குவதற்காகவே கட்டிய உயரம் என்பார்கள். உங்கள் வலப்பக்க வாசலால் நுழைந்து இடப்பக்கத்தால் வெளியேறுவது வழக்கம். வெளியே இருக்கும் கல் சிங்கங்களில் ஆண் பந்தின்மேல் கால் வைத்திருக்கும், பெண் குட்டியை வைத்திருக்கும்.

உள்ளே போனதும் நடு முற்றத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். கூரை முகடு இரண்டு முனையிலும் தகைவிலான் குருவியின் வால் போலப் பிளந்து மேலே வளைந்திருக்கும். அதன்மேல் டிராகன் என்னும் சீன நாகங்கள். தூரத்திலிருந்து வண்ணம் பூசியது போலத் தெரியும், கிட்டத்தில் பார்த்தால் அத்தனையும் பீங்கான் துண்டு. கிண்ணத்தையும் தட்டையும் வெட்டி, ஒவ்வொரு சில்லையும் செதிலாக, இதழாக, இறகாக ஒட்டியிருக்கிறார்கள். கிண்ணத்தின் வளைவு அப்படியே நாகத்தின் செதில் வளைவாகிவிடுகிறது. வெயிலுக்கும் மழைக்கும் வண்ணம் போகாது. கீழே தரையில் ஐரோப்பிய ஓடுகள், முன்னால் 1906 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வரவழைத்த இரும்புக் கதவுகள். தூய்மைவாதிகளுக்கு உறுத்தும். துறைமுகக் கோயில் என்றால் துறைமுகத்துக்கு வந்ததெல்லாம் அதில் ஒட்டத்தான் செய்யும்.

நடுக் கூடத்தில் மாட்சுவின் இரண்டு காவலர்களைத் தேடுங்கள். ஒருவன் நெற்றியில் கைவைத்துத் தூரத்தைப் பார்ப்பான், 'ஆயிரம் காதக் கண்ணன்'. மற்றவன் காதருகே கையைக் குவித்துக் காற்றை ஒட்டுக்கேட்பான், 'காற்றுச் செவியன்'. இருவரும் முன்னாள் அரக்கர்கள். அவளை மணக்க வேண்டும் என்று வம்பு செய்து, சண்டையில் தோற்று, வேலைக்காரர்களாகச் சேர்ந்தவர்கள். புயலையும் கொள்ளைக்காரர்களையும் முன்கூட்டியே கண்டு சொல்வது இவர்கள் வேலை. அன்றைய கப்பல்காரனுக்கு ரேடாரும் வானொலியும் இவர்கள்தான்.

மேலே ஒரு பலகை இருக்கும், நான்கு எழுத்துகள். 'தென்கடலில் அலைகள் அடங்குக' என்பதுபோலப் பொருள் சொல்லலாம். 1907இல் சீனப் பேரரசர் குவாங்சு அருளியது. இதை மட்டும் கொஞ்சம் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்வேன். பல தலைமுறைகளாக, அனுமதியில்லாமல் கடல் கடந்தவர்களைச் சீன அரசு குற்றவாளிகளாகத்தான் நடத்தியது. திரும்பி வர முறையான அனுமதி கிடைத்ததே 1893இல்தான். அதற்குள் கடல் கடந்தவர்களிடம் பணம் சேர்ந்துவிட்டது. சுன் யாட்-சென்னின் புரட்சிக் கட்சி 1906இல் சிங்கப்பூரில் கிளை திறந்துவிட்டது. அடுத்த வருடம் பேரரசரின் கையெழுத்து வருகிறது! அலைகளை அடக்கச் சொல்லிக் கடவுளைக் கேட்டாரோ, மக்களைக் கேட்டாரோ. நான்கே வருடத்தில் புரட்சி வந்து பேரரசே போனது. மூலச் சுருள் 1998 முதல் 2000 வரை நடந்த திருப்பணியின்போது வெளிப்பட்டு, இப்போது அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. நீங்கள் கோயிலில் பார்ப்பது நகல். அந்தத் திருப்பணிக்கு 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. கோயில் 1973இலேயே தேசிய நினைவுச் சின்னமாகிவிட்டது.

கட்டடத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு பத்து நிமிடம் ஓரமாக நின்று மனிதர்களைப் பாருங்கள். சிவப்புப் பூச்சுப் பூசிய, பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பெயர் 'போ'. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. கேள்வியைச் சொல்லித் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று புடைப்புமாக விழுந்தால் அன்னை சம்மதிக்கிறாள். இரண்டும் புடைப்பு மேலாக விழுந்தால் மறுக்கிறாள். இரண்டும் தட்டை மேலாக விழுந்தால் சிரிக்கிறாள், அதாவது கேள்வியே சரியில்லை, திருத்திக் கேள். பெரிய விஷயம் என்றால் மூன்று தடவை தொடர்ந்து சம்மதம் விழ வேண்டும். நம் கோயில்களில் பூப்போட்டுப் பார்ப்பது ஞாபகம் வரும்.

ஒரு நாள் காலையில் ஒரு வயதான அம்மாள் போட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவை சிரிப்பு, இரண்டாவது தடவை சிரிப்பு, மூன்றாவதும் சிரிப்பு. அவர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, எதிரே இருந்த தெய்வத்திடம் ஏதோ சலித்துக்கொண்டார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, தொனி முழுதாகப் புரிந்தது. வீட்டில் மாமியாரிடம் பேசுகிற தொனி. பிறகு கேள்வியை மாற்றியிருக்க வேண்டும், நான்காவது தடவை சம்மதம் விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, மலாயில் "சுடா போலே" என்றார். இனிப் பரவாயில்லை, முடியும் என்று அர்த்தம்.

கடைசியாக, நீங்கள் நாகூர் தர்காவைக் குறிப்பிட்டதால் இது. தெலுக் ஆயர் தெருவில் 140ஆம் எண் தர்கா, 158 இந்தக் கோயில், 192 அல் அப்ரார் பள்ளிவாசல். முதலில் ஓலைக் குடிசையாக 1827இல் தொடங்கிய அந்தப் பள்ளிவாசலைத் தமிழ் முஸ்லிம்கள் 'கூச்சுப் பள்ளி' என்று அழைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் என்னும் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டியது தர்கா. நாகூரில் அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுப்பியது, இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம். ஆண்டகையைப் பற்றி நாகூர்க்காரர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முகச்சவரம் நடந்துகொண்டிருக்கும்போது கையிலிருந்த கண்ணாடியைத் திடீரென்று வீசுகிறார். எங்கோ நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கிக்கொண்டிருந்த கப்பலில் அது போய் ஒட்டி ஓட்டையை அடைக்கிறது. கையில் கண்ணாடி, கண்ணில் கடல். அங்கே தறியில் உட்கார்ந்த பெண், இங்கே நாவிதர் முன் உட்கார்ந்த பெரியவர். இரண்டு கரைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே குடாவில் இறங்கி, ஒரே நன்றியைச் சொல்ல, பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் கட்டிக்கொண்டார்கள்.

தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம். காலையிலேயே வந்துவிடுங்கள். பதினோரு மணிக்குமேல் முற்றத்தில் வெயில் இறங்கிவிடும், கூரையின் பீங்கான் நாகங்களை நிமிர்ந்து பார்க்கக் கண் கூசும். கோயிலுக்குக் கட்டணம் இல்லை. கும்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேரே மட்டும் கேமராவை நீட்டாதீர்கள். கோயிலின் பின்புறம் அமோய் தெருவுக்கும் சுற்றிப் போங்கள். பின்சுவர் நெடுகிலும் ஹொக்கியன் மக்கள் வந்திறங்கிய கதையைப் பெரிய சுவரோவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். தெருவின் பெயரைப் பார்த்தீர்களா, அந்த முதல் கப்பல் புறப்பட்ட ஊர்.